முதலில் உடைவது யார்?

பெரம்பலூரில் படகு பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

சில மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பார்த்துவிட்டு, அரியலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போவதாகத் திட்டம். (திங்களும் வெள்ளியும்தான் அம்மன் தரிசனம். மற்ற நாளில் போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவமும் எனக்கு உண்டு.) கோயிலிலிருந்து திரும்பி நெடுஞ்சாலை ஓரத்தில் டீ குடிக்க நிறுத்தினால், கடைக்கு முன்னால் ஒரு டிரெய்லர். அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு மோட்டார் படகு.

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. 'இது எந்த ஏரிக்குங்க?' என்று ஒரு பெரியவர் கேட்டார். காலேஜ் பையன் ஒருவன், 'தாத்தா, நம்ம ஊர்லயே கடல் இருந்துச்சு. ஆறரைக் கோடி வருஷம் லேட்டா வந்திருக்காங்க' என்றான். உண்மைதான். டைனோசர் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலின் சிப்பியும் சங்கும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகி, இன்றைக்கு அரியலூர் சிமென்ட்டாக நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

என் கண் படகின் பின்பக்கம் போயிற்று. வெளியே தொங்குகிற மோட்டார் சாய்த்து மேலே தூக்கப்பட்டிருந்தது. அதற்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். புரொப்பெல்லருக்குச் சாக்குப் பை போர்த்தி, அதன் மேல் ஒரு சிவப்புத் துணி. பச்சைக் குழந்தைக்குக் குல்லா போட்ட மாதிரி!

பக்கத்தில் ஒருவர் டீயோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கடலூர்ப் பக்கத்துக்காரர். படகைச் சென்னைப் பக்கத்து உப்பங்கழி ஒன்றிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறார். கூட ஒரு உதவிப் பையன். மீசை இப்போதுதான் அரும்புகிறது.

'ஏண்ணே, இவ்வளவு பெரிய படகை விட்டுட்டு அந்த சின்ன ஃபேனுக்குப் போய் இத்தனை கவனிப்பு?' என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'சார், படகு சும்மா மிதக்கும். அதுக்கு யாரும் வேணாம். போகணும்னாதான் இது வேணும்' என்றார்.

அப்புறம் அரை மணி நேரம் பேசினார். ரிசப்ஷனில் முதல் பந்தி போனது. போகட்டும்.

படகுக்கு ஆபத்து நடுக்கடலில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'அலை அடிச்சு உடைஞ்ச புரொப்பெல்லரை நான் பார்த்ததே இல்ல சார். எல்லாம் கரையில உடைஞ்சதுதான்' என்றார். படகைத் தண்ணீரிலிருந்து டிரெய்லரில் ஏற்றுகிற அந்தப் பத்து நிமிடம்தான் கண்டம். டிரெய்லரைச் சரிவில் பின்னோக்கி இறக்கித் தண்ணீருக்குள் பாதி முங்கவிட வேண்டும். படகை மெதுவாக அதன் மேல் கொண்டுவந்து, மூக்கில் இருக்கும் வளையத்தில் கொக்கி மாட்டி, வின்ச்சைச் சுற்றி இழுக்க வேண்டும். ஆழம் குறையக் குறைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். ஏனென்றால் படகிலேயே தாழ்வான இடம் அதுதான். புரொப்பெல்லருக்குக் கீழே மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும்; தரையில் முதல் அடி வாங்குவது அது. அடுத்த அடி புரொப்பெல்லருக்கு. அதற்கடுத்து உள்ளே இருக்கும் கியர்.

'அப்போ ஆரம்பத்திலேயே தூக்கிட வேண்டியதுதானே?'

'தூக்கலாம். இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்தா? கீழ்ப் பக்கத்துல சல்லடை மாதிரி ஓட்டை இருக்குது பாருங்க, அது வழியாத்தான் தண்ணி உறிஞ்சி இன்ஜின் சூடு தணியுது. அது தண்ணிக்கு மேல வந்திருச்சுன்னா உள்ள பம்ப்ல இருக்கிற ரப்பர் சக்கரம் கருகிடும். ரொம்ப நேரம் எல்லாம் ஆகாது.'

சீக்கிரம் தூக்கினால் கருகும். தாமதமாகத் தூக்கினால் உடையும். பெண்ணைப் பெற்றவர்கள், பையனைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம்தான் இது.

இன்னொரு சங்கதி சொன்னார். அவசரக்காரர்கள் வின்ச்சை எல்லாம் சுற்ற மாட்டார்களாம். இன்ஜினை முறுக்கி, அந்த வேகத்திலேயே படகை டிரெய்லர் மேல் ஏற்றிவிடுவார்கள். அப்போது புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர், சரிவு முடிகிற இடத்தில் மண்ணைத் தோண்டிவிடும். தோண்டிய மண் கொஞ்சம் பின்னால் போய் மேடாகக் குவியும். அவர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அடுத்து வருகிறவனின் டிரெய்லர் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கும். புரொப்பெல்லர் அந்த மேட்டில் இடிக்கும். தண்ணீருக்குள் இருப்பதால் பள்ளமும் தெரியாது, மேடும் தெரியாது, தோண்டியவன் யாரென்றும் தெரியாது!

ரோட்டுக்கு வந்த பிறகும் விடியவில்லை. படகின் பின்பகுதி டிரெய்லர் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் பங்கில் முன்பக்கம் மேடேறினால் பின்பக்கம் தாழும். வேகத்தடையைச் சக்கரம் தாண்டி இறங்கும் நேரத்தில், நீட்டிக்கொண்டிருக்கிற மோட்டார் சரியாக வேகத்தடைக்கு மேலே இருக்கும். மோட்டாரோடு வருகிற சின்ன லாக், படகு சும்மா நிற்கும்போது தாங்கத்தான். ரோட்டுக் குலுக்கலைத் தாங்காது. அதனால்தான் மரக்கட்டை முட்டு.

இதெல்லாம் சரி. என்னை யோசிக்க வைத்தது இது இல்லை.

டேஷ்போர்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அதில் சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு நாலைந்து பித்தளைத் துண்டுகள். 'இது என்னன்னு சொல்லுங்க?'

விழித்தேன்.

'ஷியர் பின் சார். சின்ன மோட்டார்ல புரொப்பெல்லரை ஷாஃப்ட்டோட கோக்கிறது இதுதான். கல்லுல இடிச்சதுன்னா இது பட்டுன்னு உடைஞ்சிரும். புரொப்பெல்லர் சும்மா சுத்தும். கியர் தப்பிச்சிரும். இது உடையறதுக்குன்னே செஞ்சது.'

உடைவதற்கென்றே செய்தது!

யோசித்துப் பாருங்கள். இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கிறது. மிக்ஸிக்கு அடியில் ஒரு கப்ளர். ஜாடி இறுகிப் போனால் பல் தேய்ந்து அதுதான் முதலில் போகும், மோட்டார் பிழைக்கும். குக்கர் மூடியில் சேஃப்டி வால்வு. வெயிட் அடைத்துக்கொண்டால் அது உருகி வழிவிடும், அடுக்களை பிழைக்கும். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டை. தலைமுடி மாதிரி ஒரு கம்பி எரிந்து வீட்டைக் காப்பாற்றும். நாம் என்ன செய்தோம்? 'அடிக்கடி போகுதே' என்று நாலு கம்பியை முறுக்கித் தடிமனாகக் கட்டினோம்.

படகிலும் அதே கதைதான். பின் தீர்ந்துபோனால் சிலர் ஓர் இரும்பு ஆணியை வெட்டிச் செருகிவிடுகிறார்கள். ஆணி உடையாது. அடுத்த கல்லில் கியர் பாக்ஸே நொறுங்கும். 'ஆணி அடிச்சவன் அன்னிக்குக் கெட்டிக்காரன். அடுத்த வாரம் தெரியும்' என்றார்.

'இந்தப் படகிலும் பின்தானா?' என்றேன். சிரித்தார். 'இது பெரிய மோட்டார் சார். இதுல பின் கிடையாது. உள்ள ரப்பர் புஷ். அடி பட்டா உடையாது. வழுக்கிக்கும்.'

பெரிய இடத்தில் எதுவும் உடைவதில்லை, வழுக்கிக்கொள்கிறது. நான் இருபது வருடமாக அரசியலும் அலுவலகங்களும் பற்றி எழுதி வருகிறேன். இத்தனை சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அப்புறம்தான் அவர் தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் ஓரிடத்தில் ஹெல்ப்பராக இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் முதலாளியின் நண்பர்கள் படகில் போய்விட்டு வந்தார்கள். ஓட்டியவர் மோட்டாரைத் தூக்காமலே சரிவில் ஏற்றினார். தகடு உடைந்தது, புரொப்பெல்லர் இதழ் மடங்கியது, ஷாஃப்ட் வளைந்தது. மறுநாள் விசாரணை. 'ஏத்தும்போது யாரு பக்கத்துல இருந்தது?' இவர்தான் இருந்தார், தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு. இரண்டு மாதச் சம்பளம் பிடித்தார்கள். மூன்றாவது மாதம் வேலை போயிற்று.

'ஓட்டுனவர் என்ன சொன்னார்?'

'ஒண்ணும் சொல்லல சார். அதான் பிரச்னையே.'

இங்கேதான் என் கேள்வி ஆரம்பிக்கிறது. பெரியது பிழைக்கச் சிறியது உடைவது இயந்திரத்தில் புத்திசாலித்தனம். மனிதர்கள் நடுவே அதற்கு என்ன பெயர்?

கொத்தடிமை, சுரண்டல் என்று உடனே பெரிய வார்த்தைகளைத் தூக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு பொருள் முழுக்க நொறுங்காமல் இருக்க, எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். எதுவுமே விட்டுக்கொடுக்காத குடும்பம் கோர்ட்டில் நிற்கிறது. யாருமே பொறுப்பேற்காத அலுவலகம், ஆணி அடித்த படகு மாதிரி. வெளியே ஜோராக ஓடும், உள்ளே பல் பல்லாக உதிர்ந்துகொண்டிருக்கும். ஆக, பின் வேண்டும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பித்தளைத் துண்டுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது, கவனித்தீர்களா? அதை வைத்தவன், 'இது ஒரு நாள் உடையும்' என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறான். மாற்று பின் நாலு டப்பாவில் வைத்திருக்கிறான். பி.காம். படித்தபோது 'வாராக் கடன் ஒதுக்கீடு' என்று ஒன்று மனப்பாடம் செய்தோம். நஷ்டம் வருவதற்கு முன்பே நஷ்டத்துக்குப் பணம் ஒதுக்குவது. பின்னுக்கு அந்த ஒதுக்கீடு உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்ற பையனுக்கு என்ன ஒதுக்கீடு இருந்தது? அவன் உடைவான் என்று யாரும் திட்டம் போடவில்லை. உடைக்க வசதியாக அவன் அங்கே நின்றான், அவ்வளவுதான்.

அடி எங்கே விழுந்ததோ அங்கே இருப்பது உடைந்தால் அது பின். அடி எங்கே விழுந்தாலும் மலிவானதைத் தேடிப் பிடித்து உடைத்தால் அது வேறு. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று 1785ல் ஜெர்மனியில் இம்மானுவேல் கான்ட் எழுதினார். பட்டம் வாங்க அதைப் படிக்கிறோம். சம்பளப் பட்டியல் போடும்போது மறந்துவிடுகிறோம்.

டீக்கடையிலிருந்து கிளம்பி அரியலூர் வந்துவிட்டேன். அந்த ஊர் பெயரைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு சிமென்ட் ஞாபகம் வராது. ரயில் விபத்துதான் ஞாபகம் வரும்.

1956 நவம்பர் 23. நல்ல மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், விடிவதற்கு முன் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஆறு அது. கொள்ளிடத்தில் போய்ச் சேர்வது. அன்றைக்கு வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் அதற்குப் பின்னால் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். (அரியலூர் மாவட்டம் பெரம்பலூரிலிருந்து இரண்டாம் முறை பிரிக்கப்பட்டதும் ஒரு நவம்பர் 23தான், 2007ல். கவனித்துத்தான் அந்தத் தேதி வைத்தார்களா என்று தெரியாது.)

டில்லியில் ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தைக் கட்டியவர் அவர் அல்ல. மழையை அனுப்பியவர் அவர் அல்ல. தண்டவாளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியவரும் அவர் அல்ல. அதே வருடம் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நடந்த ரயில் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதே ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்பதால் அல்ல, பொறுப்பு என்பதற்கு ஓர் உதாரணமாக இருக்கட்டும் என்பதால் ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

நம்மூர்க்காரரான ஓ.வி.அழகேசன் அப்போது ரயில்வே துணை மந்திரி. 1957 தேர்தலில் அரியலூரையும் அவர் பெயரையும் சேர்த்து எதுகை மோனையோடு தி.மு.க. சுவரெல்லாம் எழுதியது. வயதானவர்களைக் கேளுங்கள், இன்றைக்கும் ராகத்தோடு சொல்வார்கள். செத்தவர்களில் ஒருவர் பெயர் கேளுங்கள், தெரியாது.

அறுபது எழுபது வருடமாக நாம் சாஸ்திரியைக் கும்பிடுகிறோம். எங்கே ரயில் தடம் புரண்டாலும், 'சாஸ்திரி அரியலூருக்காக ராஜினாமா செய்தாரே' என்று எதிர்க்கட்சி கேட்கும். இன்றைய ஆளுங்கட்சி நாளை எதிர்க்கட்சியானால் அதுவும் கேட்கும். படகுக்காரர் பாஷையில் சொன்னால், தண்ணீரில் நின்ற பையனை விட்டுவிட்டு, ஓட்டியவரே 'நான்தான்' என்று சொன்ன சம்பவம் அது. உடைகிற இடத்தை மேலே வைத்துக்கொண்டார்.

எனக்குள் ஒரு குதர்க்கக்காரன் உண்டு. அவன் சும்மா இருக்க மாட்டான். 'சரி, அவர் ராஜினாமா செய்ததால் செத்தவர் எழுந்து வந்தாரா? பாலம் பலமாயிற்றா? 1957லேயே மறுபடி மந்திரியானார். 1964ல் பிரதமரானார். இதுவா உடைவது? மேலே இருப்பவன் உடைந்தால் ஒட்டவைக்க நாடே காத்திருக்கிறது. அந்த ஹெல்ப்பர் பையன் மறுபடி ஏற எத்தனை வருடம் ஆயிற்று, கேட்டாயா?' என்கிறான்.

கேட்டேன். ஒன்பது வருடம்.

குதர்க்கக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் சாஸ்திரி பக்கம்தான். திரும்பி வருவோம் என்று தெரிந்து யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதுவதில்லை. தவிர, அது பாலத்தைப் பலப்படுத்தவில்லை என்றாலும் ஒரு வேலை செய்தது. மேலே ஒருவர் 'நான்' என்று சொல்லிவிட்டால், கீழே கேங்மேனைத் தேடிப் பிடித்துக் கணக்கை முடிப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது. அந்தக் கூச்சம் போதும். அதைக்கூட நாம் பிறகு தொலைத்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். சலிக்காமல் படியுங்கள், விஷயம் இருக்கிறது.

மரக் கப்பல்களின் அடியில் அந்தக் காலத்தில் செப்புத் தகடு அடிப்பார்கள். உப்புத் தண்ணீர் அதை அரித்துக்கொண்டே இருக்கும். 1824ல் ஹம்ஃப்ரி டேவி என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு வழி கண்டுபிடித்தார். செம்போடு சேர்த்துத் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தினால், கடல் அதை முதலில் தின்னும், செம்பை விட்டுவிடும். இன்றைக்கும் படகு மோட்டார்களில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. அன்று சாக்குப் பையை விலக்கி எனக்குக் காட்டினார். பாதி கரைந்திருந்தது. மிச்சமெல்லாம் பளபளவென்று இருந்தது.

டேவியின் சோதனை அபார வெற்றி. செம்பு துளிகூட அரிக்கவில்லை. கப்பல்களை ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கப்பல்கள் வேகம் குறைந்து திணற ஆரம்பித்தன. தூக்கிப் பார்த்தால் அடியெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக்கிடக்கிறது! ஏன்? செம்பு லேசாகக் கரைந்துகொண்டிருந்தவரை அந்த விஷத்துக்குப் பயந்து எந்த உயிரும் ஒட்டவில்லை. முழுக்கக் காப்பாற்றப்பட்ட பிறகு, செம்பு ஒட்டுண்ணிகளுக்கு வசதியான வீடாகிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

நான் இதைப் படித்த அன்று, எனக்குத் தெரிந்த நாலைந்து பெரிய மனிதர்களின் முகம் வரிசையாக வந்து போயிற்று. ஒரு தவறுக்குக்கூட அடி வாங்காதவர்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுக்காக ஒரு பி.ஏ., ஒரு கிளார்க், ஒரு டிரைவர் கரைந்திருப்பான். அவர்கள் பளபளப்பாகத்தான் இருக்கிறார்கள். கிட்டே போய் அடியில் பார்த்தால்தான் எத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். வீட்டிலும் உண்டு. அக்கா அடி வாங்கியே காப்பாற்றிய தம்பிகள் சிலரை நாற்பது வயதிலும் எடுத்து நிறுத்த முடிவதில்லை.

அடுத்தவரைச் சொல்லிக்கொண்டே போகலாம். சுகமாக இருக்கிறது. ஆனால் அன்று டீக்கடையில், 'ஒண்ணும் சொல்லல சார். அதான் பிரச்னையே' என்று அவர் சொன்னபோது, என் டீ தொண்டையில் இறங்கவில்லை. காரணம் வேறு.

பத்திரிகை வேலைக்கு வந்த புதிது. ஒரு கட்டுரையில் ஒரு தொகையை லட்சத்துக்குப் பதில் கோடி என்று எழுதிவிட்டேன். பி.காம்.காரன் போட்ட கணக்கு என்று யாரும் சந்தேகப்படவும் இல்லை. அச்சாகி, கடைக்குப் போய், வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும், மெய்ப்புப் பார்த்த பெரியவரும். ஒரிஜினல் தாளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. என் பையில் அதன் நகல் இருந்தது. கோடி என்று என் கையெழுத்தில்.

'என் கண்ணுல தப்பிச்சிருக்கும் சார்' என்றார் அவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அந்த வருட இன்க்ரிமென்ட் போயிற்று. சந்தாப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, தோளில் தட்டி, 'வளர வேண்டிய பிள்ளை நீ. விடு' என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தேதான் உடைந்திருக்கிறார்.

தானாக முன்வந்து உடைகிறவரிடம் நமக்குக் கடன் இல்லையா? 'அவரே சொன்னார், நான் கேட்கவில்லை' என்று பல வருடம் கணக்கு எழுதிப் பார்த்தேன். டேலி ஆகவில்லை. அவர் கொடுத்தது தானம் என்றால், வாங்கியதாக நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எனக்கு அடுத்த நாள் இருந்தது, அடுத்த வாரம் இருந்தது, அடுத்த பதினைந்து வருடம் இருந்தது. அவர் இறந்தபோது போனேன். மாலையோடுதான். அவர் மகள், 'அப்பா உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொல்லுவார் சார், உங்க கட்டுரை எல்லாம் கத்தரிச்சு வெச்சிருக்கார்' என்றாள். அங்கேயும் சொல்லவில்லை. அந்தக் கத்தரிப்புகளில் லட்சம் கோடியான அந்தக் கட்டுரையும் இருக்குமா என்றுதான் யோசித்தேன்.

இதை இப்போது அச்சில் சொல்வதால் என் கணக்கு நேராகிவிடாது. ஆசிரியரும் இல்லை, அவரும் இல்லை. இப்போது சொல்ல எனக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. செலவாகிற காலத்தில் சொல்லியிருக்க வேண்டும். மோட்டாரைத் தூக்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னாரே, அதுபோல.

அன்று கிளம்பும் முன் அந்த மனிதரிடம் ஒன்று கேட்டேன். 'அண்ணே, இப்போ நீங்க பொறுப்புல இருக்கீங்க. இந்தப் பையன் தப்புப் பண்ணி படகுல அடிபட்டா என்ன செய்வீங்க?'

பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். டிரிப் ஷீட். படகு எண், கிளம்பிய நேரம், டீசல் கணக்கு. கீழே 'ஏற்றியவர்' என்று ஒரு கட்டம். அதில் அவர் பெயர் இருந்தது.

'ஏத்தினது அவன்தான் சார். நான் சும்மா நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அருமையா ஏத்தினான்' என்றார். 'பேரு மட்டும் என்னுது.'

'கம்பெனியில ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?'

'கேட்டாங்க. நல்லா ஏத்தினா அவன் பேரை வாயால சொல்லிருவேன், தாள்ல என் பேரு இருக்கட்டும்னேன்.'

பையன் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் பேசாமல் போய்ச் சாக்குப் பையின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். மரக்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்சம் தள்ளி ஒரு வேகத்தடை. வண்டி கிளம்பியதும் அவன் ஏறவில்லை. டிரெய்லருக்குப் பின்னாலேயே நடந்து, சக்கரம் வேகத்தடையைத் தாண்டுகிற இடத்தில் குனிந்து, தரைக்கும் மோட்டாருக்கும் நடுவே தன் கையை நுழைத்துப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து, 'வரலாம்ணே!' என்று கத்தினான்.